ஓயாமொழி ராஜாவின் சார்பாக மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

சிவகாசி,
8.7.2007

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சான் நிஜாம் அவர்களுக்கு, அப்துல் குத்தூஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் தங்கை சபியா மிக நலம். உங்கள் மருமகள் மஹ்ரீன் அதைவிட நலம். நான் நலமா இல்லையா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். ஷார்ஜாவில் வெயில் எப்படி, உங்கள் முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான், ஆனால் விஷயம் அவசரம். போனில் சொல்லலாம் என்றால், போன லீவில் நீங்கள் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் இருக்கும் அதே மேசையில்தான் போனும் இருக்கிறது, அந்த மேசைக்கு முன்னால்தான் உங்கள் தங்கையும் இருக்கிறாள். அதனால் கடுதாசி, அதுவும் ஸ்பீடு போஸ்ட்டில்.

என் வேண்டுகோள் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நீங்கள் சபியாவுக்குப் போன் போட்டு, உடன்பிறந்த அண்ணன் என்ற முறையில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசி, ராணியை அரண்மனைக்குத் திரும்பி வரச் செய்யவேண்டும். எந்த ராணி, எந்த அரண்மனை என்று குழம்ப வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன மாதம் ஒருநாள் மதியம் சாத்தூர் போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். காலண்டர் ஏஜென்ட் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா, ஆடிப் பதினெட்டுக்குப் புது மாதிரிகளோடு காலண்டர் ஆல்பம் வெளிவருமுன் பழைய கடைக்காரர்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவைத்தால்தான் சீசனில் ஆர்டர் வரும், அதிலும் இந்த வருஷம் வாட் வரி வந்ததிலிருந்து கடைக்காரர்கள் காலண்டர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அது தனிக் கதை. நுழைகிறேனா, சபியா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். "ராசாவை இந்த வாரமே முடிச்சிர வேண்டாம் தாயி. மொதல்ல தனியா விடுவோம். ரெண்டு காதுலயும் எறும்பு புகுந்தாத்தான் அவருக்குப் புத்தி வரும். நீ ரத்தம் கித்தம் காட்டிராத, சின்னப் பிள்ளைக பயந்துரும்" என்கிறாள். மச்சான், நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பி வாசலுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ராஜா என்று யோசித்துப் பார்த்தால் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ராஜாமணி ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் நமக்குச் செய்த கெடுதல் என்று பார்த்தால், மஹ்ரீன் சைக்கிளுக்கு மட்டமான டியூப் போட்டது ஒன்றுதான். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

நேரே ராஜாமணியிடம் போனேன். "ராஜாமணி, கொஞ்ச நாளைக்கு வெளியூர் எங்கயாச்சும் போயிட்டு வாங்க. ஏன்னு மட்டும் கேக்காதீக" என்றேன். அவர் கையில் ஸ்பானரோடு எழுந்து நின்று, "என்ன பாய், திடீர்னு இப்படிச் சொல்றீக?" என்றார். "வீட்டு விஷயம், அதுக்கு மேல சொல்ல முடியாது. போக முடியலைன்னா காதை மட்டுமாச்சும் பத்திரமாப் பாத்துக்கங்க" என்றேன். அன்றிலிருந்து அந்த மனிதர் ஆனி மாத வெயிலில் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பஞ்சர் ஒட்டுகிறார். யாராவது கேட்டால் கண்ணாலேயே என் வீட்டைக் காட்டுகிறாராம்.

இந்த மப்ளர் விஷயம் மஹ்ரீன் காதுக்குப் போய், அவள் என்னை உட்காரவைத்து விளக்கினாள். "அத்தா, அது வெறும் கதை! அம்மா இன்டர்நெட்ல கதை எழுதுறாக!" என்றாள். கதைக்கம்பளம் என்று ஒரு குழுமம் இருக்கிறதாம். சிங்கப்பூர், கனடா, கோயம்புத்தூர் என்று எங்கெங்கேயோ இருக்கும் தமிழாட்கள் அதில் சேர்ந்து, ராஜா ராணி பூதம் என்று சின்னப் பிள்ளைகளுக்கான மாயக் கதைகளை ஆளுக்குக் கொஞ்சமாக எழுதுகிறார்கள். முதலில் ஒருவர் ஒரு பகுதி எழுதுவார். படம் போடுகிறவர் அதைப் படித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒரு படம் போடுவார். அடுத்து எழுதுகிறவர் அந்தப் படத்தில் புதிதாக என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் கதையை நகர்த்தவேண்டும். படக்காரர் ஓரமாக ஒரு கழுதையை வரைந்துவிட்டால் எழுதுகிறவர் கழுதைக்கு ஒரு வேலை கொடுத்தே ஆகவேண்டும். மஹ்ரீன் காலேஜுக்குப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று சபியா அவளிடம் தமிழ் தட்டக் கற்றுக்கொண்டு, இதில் சேர்ந்து, ஒரு கதையையும் தொடங்கிவைத்திருக்கிறாள். பத்தாம் வகுப்போடு நின்றவள், மச்சான். பருப்பு வேகும் இடைவெளியில் ஒரு ராஜ்ஜியத்தையே கட்டியிருக்கிறாள்.

கதையைச் சொல்கிறேன். ஓயாமொழி ராஜா என்று ஒருவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். அவர் பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கூழாங்கல்லாகக் கீழே விழுகிறது. அரண்மனை முழுக்கக் கல். மந்திரி கல்லில் தடுக்கி விழுகிறார், சேனாதிபதி கல்லைச் சாக்கில் அள்ளி வெளியே கொட்டுகிறார். ராணி ஏதாவது சொல்லலாம் என்றால் அவள் சொல் விழுவதற்கு இடமே இல்லை. அதனால் தன் சொற்களையெல்லாம் ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடிவைக்கிறாள். ஜாடி நிறைந்து ஒருநாள் மூடி தெறிக்கிறது, உள்ளேயிருந்த சொற்களெல்லாம் பச்சைக்கிளிகளாகப் பறந்து, ராணியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தப் பகுதிக்குப் படம் போட்டவர் அரண்மனைத் தூணில் ராணியின் சேலை ஒன்று காய்வதாக வரைந்திருந்தார். உடனே சிங்கப்பூர்க்காரர் ஒருவர், ராணி போனதே தெரியாமல் ராஜா அந்தத் தூணைப் பார்த்து மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்ததாக எழுதிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன் மச்சான், நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "இப்படியும் ஒரு கூமுட்டை இருப்பானா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மஹ்ரீன் என்னைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். சபியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி எழுத்தாளர் என்ற பெருமையில், ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து பேசும் படத்தை மஹ்ரீனிடம் கேட்டுப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, போகிற கடையிலெல்லாம் ஆல்பத்துக்கு முன்னால் அதைத்தான் விரித்தேன். சாத்தூரில் சிரித்தார்கள். அருப்புக்கோட்டையில் இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். விருதுநகரில் எண்ணெய்க்கடை சோலைமலை அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார். "பாய், அச்சு அசலா வந்திருக்கே உங்க படம்! கிரீடம் மட்டுந்தான் புதுசு!" என்றார்.

அப்போதுதான் நான் படத்தைப் படமாகப் பார்த்தேன். ராஜாவின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. மீசையில்லாத தாடி. ராஜ அங்கியில் பை, பையில் வரிசையாகப் பேனா. கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் கையில் குடை. பேசும்போது வலது ஆள்காட்டி விரல் மேலே. இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தபோது என் வலது விரல் எங்கே இருந்தது என்பதை அண்ணாச்சிதான் காட்டினார்.

வீட்டுக்கு வந்து சபியாவிடம் நேரே கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. ராஜாவுக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீல் வேண்டும் என்று முடிவுசெய்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள பிரவுசிங் சென்டருக்குப் போய், துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நீதிமான் என்ற பெயரில் குழுமத்தில் சேர்ந்தேன். கடையை நடத்துகிற தம்பி நான் சொல்லச் சொல்லத் தட்டிக்கொடுத்தான். ராஜா பேசுவது யாருக்காக, குடும்பத்துக்காகத்தானே, ராஜ்ஜியம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா என்று ஒரு பக்கம் எழுதினேன். கனடாவிலிருந்து கடல்நண்டு என்ற பெயரில் எழுதும் ஒரு ஆள், ராஜாவை அவருடைய கற்களாலேயே மூடிச் சமாதி கட்டிவிட்டுக் கதையை முடிக்கலாம் என்று பதில் எழுதினான். நான் மூன்று பக்கத்துக்கு மறுப்பு எழுதினேன். அதற்குக் கோயம்புத்தூர் அம்மா ஒருவர், "நீதிமான் ஐயா எழுதுவதைப் படித்தால் ராஜாவே நேரில் வந்து எழுதுவதைப் போல இருக்கிறது" என்று எழுதினார். மற்ற எல்லோரும் அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

குழுமத்தின் விதிப்படி யார் கேட்டாலும் ஒரு பகுதி எழுதக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். நான் கேட்டு வாங்கிவிட்டேன். என் பகுதியில் ராஜா சபையைக் கூட்டித் தன் தரப்பை எடுத்துரைக்கிறார். சிறுவயதில் பட்ட கஷ்டம், வரிச் சுமை, அண்டை நாட்டோடு போட்டி, ராணிக்குத் தான் வாங்கிக்கொடுத்த மிக்ஸி உட்பட ஒன்றையும் விடாமல் பேசுகிறார். மிக்ஸியைத் தம்பி எடுத்துவிடலாம் என்றான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. உருக்கமாக எழுதியிருந்தேன், மச்சான், தட்டிய தம்பியே கொட்டாவிக்கு நடுவில் நல்லாயிருக்கு என்றான். மறுநாள் அதற்குப் படம் வந்தது. சபை முழுக்கத் தூங்குகிறது. மந்திரி சேனாதிபதி தோளில் சாய்ந்து தூங்குகிறார். யானை தூங்குகிறது. சுவரில் மாட்டியிருக்கும் ராஜாவின் முப்பாட்டனார் படத்தில் முப்பாட்டனாரும் தூங்குகிறார்.

இனிமேல் எழுத்துக்காரர்களோடு பேசிப் பயனில்லை, படக்காரரைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றியது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பார் என்றுதான் நினைத்தேன். தம்பியிடம் தேடச் சொன்னால், பெயர் வேல்விழி, ஊர் தாயில்பட்டி என்று வருகிறது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் பண்ணும் பிள்ளையாம். இப்போது யோசித்தால் விளங்குகிறது, அந்தக் கிளிகள் பறப்பதே பூச்சட்டி மத்தாப்பு வெடிப்பதைப் போலத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா வள்ளித்தாய், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், சேலையில் படிந்த வெள்ளிப் பவுடரை அலசிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தவர் சேலையைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏ வேலு! ஓடியா! நம்ம ராசா வந்திருக்காக!"

"நான் ராசா இல்லம்மா, காலண்டர் ஏஜென்ட்" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும், உக்காருங்க ராசா. வெயில்ல வந்திருக்கீக, மோரு குடிக்கீகளா? எம் மக வாராவாரம் வாசிச்சுக் காட்டுவா, நான் கம்பெனி வேன்ல வர்ற பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் சொல்லுவேன். வேன்ல பாதிப் பேரு ராணி பக்கம்."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "மீதிப் பாதி?" என்றேன்.

"அவுகளும் ராணி பக்கந்தான்" என்றார்.

வேல்விழி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நல்ல பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன். "தாயி, தொப்பையைக் கொஞ்சம் கொறைக்க முடியுமா? ஒரு படத்துலயாச்சும் ராசா வாயை மூடி இருக்கிற மாதிரி போடக் கூடாதா?"

"வாயை மூடுனா அது ராசான்னு யாருக்கும் தெரியாது பாய்" என்றாள். நான் எழுந்திருக்கப் போனேன். அவள், "பாய், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. மொதல்ல நான் ராசாவைக் கொடூரமாத்தான் வரைஞ்சேன். கோரப்பல்லு வச்சு, கண்ணைச் செவப்பாக்கி. சபியா அம்மாதான் போன் போட்டு வேண்டாம்னுட்டாக. 'அவரு கெட்டவரு இல்ல தாயி. அடுத்தவுக சொல்றதைக் கேக்க மாட்டாரு, அம்புட்டுத்தான். கண்ணு நல்ல கண்ணு, அதைக் கெடுத்துராத'ன்னாக. அவுக சொன்ன அடையாளத்தை வச்சு அந்தக் கண்ணு வர்ற வரைக்கும் நான் அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்" என்றாள்.

மோரைக் குடித்தேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மழை பெய்யுமா என்று கேட்டார். வேறு நாளாயிருந்தால் சிவகாசி வரைக்கும் அவருக்கு மழையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வானத்தைப் பார்த்துக் கையை விரித்ததோடு சரி. கண்டக்டரிடம்கூட விரலைக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து சபியாவிடம், "இம்புட்டு நடந்திருக்கு, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே" என்றாள்.

"எப்ப?"

"ஆரம்பிச்ச அன்னைக்கே சொன்னேன். நீங்க வாட் வரியைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீக. நடுவுல சொன்னேன், 'சரி சரி'ன்னீக. பெறகு ஒருநா, பேச்சை நிறுத்தாத ராசா ஒருத்தரைப் பத்தி எழுதுறேன்னு சொன்னேன். 'ஆமா, அவன் அப்படித்தான், விடு'ன்னீக. யாரை நெனச்சுச் சொன்னீகளோ."

எனக்கு நினைவே இல்லை, மச்சான். ஆனால் நான் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது. அப்படியே இன்னொன்றையும் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் குழுமத்து ஆட்களெல்லாம் நேரில் கூடுகிறார்களாம், கனடாக்காரன்கூட லீவில் வருகிறானாம். கடற்கரையில் உட்கார்ந்து பேசிக் கதையின் முடிவை எல்லோரும் சேர்ந்து எழுதப்போகிறார்களாம். சபியாவும் மஹ்ரீனும் வேல்விழியும் சனிக்கிழமையே போய், மஹ்ரீனின் தோழி வீட்டில் தங்குகிறார்களாம். "இதை எப்பச் சொன்ன?" என்றேன். "இப்பத்தான் சொல்றேன்" என்றாள். சரி, அதையாவது கேட்டோமே என்று இருந்தது. பிறகு மெதுவாக, "ராணி திரும்பி வந்துருவாளா?" என்று கேட்டேன். கரண்டியைக் கையில் பிடித்தபடியே யோசித்தாள். "தெரியலங்க. கடலைப் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள்.

சிரிக்காதீர்கள் மச்சான். பிள்ளைப்பேற்றுக்கு உங்கள் வீட்டுக்கு வந்ததைத் தவிர அவள் என்னை விட்டு எங்கேயும் போய்த் தங்கியதில்லை. அவள் தெரியல என்று சொன்னபோது என்னைக் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கதையில் வரும் ராணிதான் என்று எனக்கும் புரிகிறது. புரிந்தபிறகும் ஒரு வாரமாகச் சோறு சரியாக இறங்கவில்லை. நேற்று துணி காயப்போடும் கொடியில் அவள் சேலையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகவே நான் மேலே கேட்டபடி நீங்கள் கண்டிப்பாகப் போன் போடவேண்டும். தூத்துக்குடிப் பயணம் தேவையில்லை என்று சொல்லவேண்டும். அது முடியாவிட்டால் ராணி திரும்பி வந்ததாக எழுதச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் கடல்நண்டு சொன்ன சமாதி மட்டும் வேண்டாம் என்றாவது சொல்லுங்கள். நான் நீதிமானை இன்றோடு குழுமத்திலிருந்து விலக்கிக்கொண்டேன்.

உங்களுக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் துணையையும், பாலைவன வெயிலில் நிழலையும் தருவானாக என்று ஐந்து வேளையும் துஆ செய்யும்,

தங்கள் அன்பு மச்சான்,
அப்துல் குத்தூஸ்

பின்குறிப்பு (16.7.2007): மேலே கண்ட கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். இப்போது போடுகிறேன், ஆனால் அதில் கேட்டுக்கொண்ட எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். சனிக்கிழமை மூவரையும் பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டுக்குப் போனேன். பைகள் கனமாக இருந்தன, உள்ளே ஏறி மேலே வைத்துக்கொடுத்தேன், பஸ் கிளம்பிவிட்டது. கிளம்புவதைக் கண்டக்டர் முன்கூட்டியே கத்தினார் என்று மஹ்ரீன் சொல்கிறாள். சபியா ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். கோவில்பட்டி தாண்டும்வரை அவள்தான் பேசினாள். அவள் பேசி முடிக்கும்போதெல்லாம் நான் பேச வாயெடுத்தேன், அதற்குள் இன்னொன்று சொன்னாள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்று கைதட்டினார்கள். கடல்நண்டு ரொம்ப நல்ல பையன், அவன் வீட்டில் அவன் அப்பாவும் இப்படித்தானாம். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நான் கேக்கத்தான் வந்தேன், சபியா பேசுவாக" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதைச் சொல்லிமுடிக்க நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதாகச் சபியாவும் மஹ்ரீனும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கதை இன்னும் முடியவில்லை. சபியா கடலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராணி வர மாட்டாள், அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். உடனே அவளே, "வேணும்னா அவரு கிளம்பி வரட்டும்" என்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வேல்விழி மணலில் உட்கார்ந்தே படம் போட்டுவிட்டாள். ராஜா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு மூட்டையோடு கடற்கரையில் நடக்கிறார். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று குழுமத்தில் இப்போது பெரிய சண்டை நடக்கிறது. எனக்கு அதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. சபியா கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன்.